ஒரு நாட்டின் செழிப்பை எடைபோடுவது எப்படி?

தனிநபர் வருமானத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டைச் செழிப்பானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணக்கில் வரும் பணம் உள்நாட்டில் தங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். 2015-இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 25 சதவீதம் உயர்ந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை, வரி குறைவு என்பதால் அந்நாட்டுக் கணக்குக்கு மாற்றியதே அதற்குப் பெருங்காரணம். டப்ளின் தொழிலாளியின் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே 2017-இல் இத்தகைய வீக்கத்தைக் கழித்துக் கணிக்கும் ‘திருத்திய மொத்த தேசிய வருமானம்’ என்றொரு தனி அளவீட்டை வெளியிட வேண்டியதாயிற்று. அத்தகைய அளவீடு கிடைத்தால் அதையே கொள்ளுங்கள்.

அடுத்து, மக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டைப் பாருங்கள். பூஜ்யம் முழுச் சமத்துவம், 100 முழு ஏற்றத்தாழ்வு. தென்னாப்பிரிக்காவில் அது 60-ஐத் தாண்டியது. ஆனால் வருமானத்தை வைத்துக் கணித்த குறியீட்டை, நுகர்வுச் செலவை வைத்துக் கணித்ததோடு ஒப்பிடக் கூடாது. நுகர்வுக் கணக்கில் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் குறைவாகவே தெரியும்.