இலையில் கோடு போட்டது எந்தப் பூச்சி? முதலில் செடியைப் பாருங்கள்

தக்காளி இலையில் வெள்ளைக் கோடு பாம்பு மாதிரி நெளிந்து போவதைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அது இலைக்குள்ளே புழு தின்றுகொண்டே போன தடம். இப்படித் தின்னும் பூச்சியை இலைத்துளைப்பான் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் ஈயும் உண்டு, அந்துப்பூச்சியும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஒரே செடியையோ ஒரே குடும்பத்தையோ விட்டு வெளியே போகாது, அதனால் செடியின் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எலுமிச்சை, நாரத்தைக் கொழுந்தில் வெள்ளி பூசியது போல மினுங்கி நடுவில் ஒற்றைக் கருங்கோடு ஓடினால் அது அந்துப்பூச்சியின் புழு, ஈ இல்லை. நிலக்கடலையில் இலை கொப்பளித்து மடிந்தால் சுருள்பூச்சி, அதுவும் அந்துதான். பட்டாணி, கடுகு என்றால் முதலில் ஃபைட்டோமைசா ஹார்ட்டிகோலா என்ற ஈயைச் சந்தேகப்படுங்கள்; இது இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும், இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சின்ன மேடு தட்டுப்படும்.

சிக்கல் தக்காளி, ஆமணக்கு, தட்டைப்பயறு, பூசணி வகைகள், செவ்வந்தி ஆகியவற்றில்தான். இத்தனையையும் தின்பது லிரியோமைசா டிரைஃபோலி, 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் தென்பட்ட வெளிநாட்டு ஈ. தக்காளியில் போதாக்குறைக்கு 2014 முதல் ஊசிப்புழு என்ற அந்துப்பூச்சிப் புழுவும் சேர்ந்துகொண்டது. அப்போது இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோட்டுக்குள் எச்சம் இரு ஓரமும் மாறி மாறிக் கருப்பாக விழுந்திருந்தால் ஈ, கோடு அகன்று திட்டாகி எச்சம் ஒரு பக்கம் குவிந்திருந்தால் ஊசிப்புழு. இன்னும் சந்தேகமா? கோடு தடிக்கிற முனையை ஊசியால் மெதுவாகக் கீறுங்கள். காலும் தலையும் இல்லாத மஞ்சள் புழு, ஒரு நுனியில் மட்டும் கருப்புக் கொக்கி என்றால் ஈ; தெளிவான தலையும் கால்களும் தெரிந்தால் ஊசிப்புழு.

சரி, உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். புழு உள்ளே இருக்கும் இலையை டிஷ்யூ காகிதம் விரித்த டப்பாவில் போட்டு, செடியின் பெயரையும் தேதியையும் மேலே எழுதிவிடுங்கள், இதை மறந்தால் பிறகு வரும் ஈயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லிரியோமைசா புழு இலையை விட்டு வெளியே வந்து, அரிசியை விடச் சிறிய பழுப்புக் கூடாகும். ஒன்றிரண்டு வாரத்தில் 2 மில்லிமீட்டர் அளவில் மஞ்சளும் கருப்புமாக ஈ வரும். லிரியோமைசாவில் எந்த இனம் என்று பிரிக்க ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அதைப் பூச்சியியல் ஆய்வகத்திடம் விட்டுவிடலாம்.

ஈக்குப் பதில் பளபளக்கும் குட்டிக் குளவி வந்தால் அது அந்தப் புழுவையே தின்று வளர்ந்த நம் ஆள். அப்புறம் அந்தச் செடிக்கு மருந்து அடிக்காதீர்கள்.