கை நகம், கால் நகம்: வெட்டுவது முதல் காப்பது வரை ஒரு செய்முறை விளக்கம்

மருதாணி வைத்த கையைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்துப் பாருங்கள். உள்ளங்கைச் சிவப்பு இரண்டு மூன்று வாரத்துக்குள் மங்கிவிடும். நகத்தில் மட்டும் நிற்கும். அடியிலிருந்து புது நகம் வளர வளர அந்தச் சிவப்பு மேலே நகர்ந்து, கடைசியில் நுனியில் ஒரு கோடாக மிஞ்சும். நகம் எப்படி வளர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

நம் கண்ணுக்குத் தெரியும் நகத்தில் உயிர் கிடையாது. கெரட்டின் என்ற புரதம் இறுகி உண்டான தகடு அது. உயிருள்ள பகுதி அடித்தோலுக்குள் மறைந்திருக்கும் நகவேர்தான். அங்கே உருவாகி மெதுவாக வெளியே தள்ளப்படுகிறது நகம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதி வளர்ந்தாலே அதிகம். ஒரு கை நகம் முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய 6 மாதம் ஆகும், கால் கட்டைவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் வரை கூட ஆகும்.

அதனால் ஏழு நாளில் நகத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் எந்தப் பொருளையும் நம்பாதீர்கள். வெளியே வந்துவிட்ட நகத்துக்கு இனி ஊட்டம் கொடுக்க முடியாது. நம் கையில் இருப்பது மூன்றே வேலைகள்: வேருக்கு அடிபடாமல் பார்ப்பது, சுற்றியுள்ள தோலைக் கிழியாமல் காப்பது, ஈரம் தேங்க விடாமல் இருப்பது. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த மூன்றுக்காகத்தான்.

படி 1: கருவிகளை எடுத்து வையுங்கள்

கை நகத்துக்குச் சின்ன நகவெட்டி, கால் நகத்துக்கு அகலமான பெரிய நகவெட்டி, ஒரு நக அரம். இவ்வளவு போதும். பிளேடு வேண்டவே வேண்டாம். பழக்கம் உள்ள கை என்றாலும் ஒரு நொடி வழுக்கினால் நகக்கண் கிழிந்துவிடும்.

பல வீடுகளில் ஆணியில் தொங்கும் ஒரே நகவெட்டியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். யாராவது ஒருவரின் கால் நகத்தில் பூஞ்சை இருந்தால் அது மற்றவர்களுக்கும் போக வழி கிடைத்துவிடும். ஆளுக்கொன்று வாங்குவது நல்லது, விலையும் குறைவுதான். முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

படி 2: கை நகம் வெட்டுவது

குளித்து முடித்ததும் நகம் கொஞ்சம் இளகியிருக்கும், அதுவே நல்ல நேரம். வெளிச்சமான இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருங்கள். ஒரே அழுத்தில் முழு நகத்தையும் கத்தரிக்காமல், ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வெட்டுங்கள். வெள்ளை நுனியில் 1 மில்லிமீட்டர் அளவாவது விட்டுவிட வேண்டும். ஒட்ட வெட்டினால் நகத்துக்கும் சதைக்கும் இடையே உள்ள பிடிப்பு மெல்ல விடுபடும். அரம் போடுவது நகம் காய்ந்த பிறகு. முன்னும் பின்னுமாகத் தேய்க்காமல் ஒரே பக்கமாக இழுங்கள், நுனி பிளவுபடாது.

நகத்தின் ஓரத்தில் நார் போலத் தோல் உரிந்து நின்றால் பல்லால் கடித்தோ விரலால் பிடித்தோ இழுக்காதீர்கள். அடியோடு வெட்டிவிட்டு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை கட்டாயம் வெட்டுங்கள். ஆசனவாயில் அரிப்பு உண்டாக்கும் கீரிப்பூச்சியின் முட்டைகள், சொறியும்போது நகத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டு திரும்ப வாய்க்குள் போகின்றன. பூச்சி மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நகத்தைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு அது தூங்கும்போது வெட்டுவதுதான் சுலபம்.

படி 3: கால் நகம் வெட்டுவது

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். கை நகத்தை வளைவாக வெட்டிப் பழகியதால் கால் நகத்தையும் அப்படியே வெட்டிவிடுகிறோம். கால் கட்டைவிரலில் ஓரத்தை உள்ளே தள்ளி வளைத்து வெட்டினால், அந்த இடத்தில் சதை மேலெழுந்து நகத்தின் பாதையை மறைக்கும். வளரும் நகம் அந்தச் சதைக்குள் குத்தும். அப்புறம் வீக்கம், சீழ், செருப்புப் போட முடியாத வலி. வலிக்கிறதே என்று ஓரத்தை இன்னும் ஆழமாகத் தோண்டி வெட்டுவார்கள். அன்றைக்குச் சுகமாக இருக்கும், சில வாரத்தில் நகம் வளர்ந்து முன்னைவிட மோசமாகக் குத்தும். உள்ளே விட்டுப்போன சின்ன நகச் சிம்பு ஒன்றே இதற்குப் போதும்.

ஆகவே கால் நகத்தை நேர்கோடாக வெட்டுங்கள். ஓர முனைகள் சதைக்கு மேலே வெளியே தெரிய வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாக மழுக்கினால் போதும். விரல் நுனியைத் தாண்டி நீளவும் கூடாது, ரொம்ப உள்ளே போகவும் கூடாது. முன்பக்கம் குறுகிய ஷூவும் நகத்தைச் சதைக்குள் தள்ளும். கட்டைவிரல் அடிக்கடி வலித்தால் ஷூவையும் மாற்றிப் பாருங்கள்.

வயதானவர்களின் கால் நகம் தடித்து, நகவெட்டியின் வாய்க்குள்ளேயே நுழையாது. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைக்கச் சொல்லி, துடைத்துவிட்டு, பெரிய நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. குனிய முடியாத, கண் சரியாகத் தெரியாத அப்பா அம்மா இதற்காக நம்மிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாமாகவே மாதம் ஒரு முறை அவர்கள் காலைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. நீண்ட நாள் சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறையும், ரத்த ஓட்டமும் குறையலாம். வெட்டுப்பட்டது தெரியாது, தெரியும்போது புண் பெரிதாகியிருக்கும். அவர்களுக்குச் சூடான நீரில் கால் ஊறவைப்பது வேண்டாம், சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிக் கால் வெந்துபோவதும் இதே காரணத்தால்தான். உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாக நகம் வெட்ட வேண்டாம். நன்றாகக் கண் தெரிந்த இன்னொருவர் அரத்தால் மெதுவாகத் தேய்த்துக் குறைக்கட்டும். நகம் தடித்தோ சதைக்குள் குத்தியோ இருந்தால் மருத்துவமனையின் பாதப் பராமரிப்புப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தினமும் இரவில் விரல் இடுக்கு, குதிகால், நக ஓரம் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

படி 4: நகத்தைச் சுற்றியுள்ள தோல்

நகத்தின் அடியில் மெல்லிய தோல் விளிம்பு ஒன்று ஒட்டிப் படிந்திருக்கும். அழகு நிலையத்தில் அதைத்தான் பின்னால் தள்ளி வெட்டி எடுக்கிறார்கள். தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். குக்கருக்கு கேஸ்கெட் எப்படியோ அப்படித்தான் நகவேருக்கு அந்த விளிம்பு. அது போனால் தண்ணீரும் கிருமியும் நேராக வேருக்குப் போகும்.

நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கை வைப்பவர்களுக்கு அந்த விளிம்பு தானாகவே தேய்ந்துவிடும். பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மீன் கழுவி விற்பவர்கள், உணவகச் சமையலறையில் நிற்பவர்கள் ஆகியோரின் விரல்களைப் பாருங்கள். நக ஓரம் எப்போதும் தடித்துச் சிவந்திருக்கும். ரப்பர் கையுறை உதவும், அதற்குள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் போட்டால் வியர்வை தேங்காது. வேலை முடிந்ததும் விரல்களைத் துடைத்து, இரவில் நக ஓரங்களில் தேங்காய் எண்ணெயோ வாஸலைனோ தடவுங்கள். இந்த ஒரு பழக்கம் விலை உயர்ந்த நக சீரங்களைவிட நன்றாக வேலை செய்யும்.

திடீரென்று நக ஓரம் வீங்கித் தெறிக்கும் வலி வந்தால் அது நகச்சுற்று. விரலை எலுமிச்சம்பழத்துக்குள் செருகி வைப்பது நம் ஊர் வழக்கம். தோல் கிழிந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு எரிச்சலைக் கூட்டும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் விரலை வையுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. தொடக்கத்திலேயே செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மஞ்சளாகச் சீழ் கோத்துவிட்டால் ஊசியால் குத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 5: கால் காய்ந்திருக்கட்டும்

கால் நகப் பூஞ்சை பெரும்பாலும் விரல் இடுக்கில்தான் தொடங்குகிறது. சேற்றுப்புண் என்கிறோமே, அதைக் கவனிக்காமல் விட்டால் மெல்ல நகத்துக்கு ஏறும். குளித்ததும் ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றித் துடையுங்கள். சாக்ஸ் பருத்தியாக இருக்கட்டும், தினமும் மாற்றுங்கள். மழையில் நனைந்த ஷூவை மறுநாளே போடாமல் ஒரு நாள் காய விடுங்கள்.

நகம் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாவு போல உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும் அடிபட்ட நகத்திலும் ஏறக்குறைய இப்படியே தெரியும். நகத்துண்டைச் சோதித்த பிறகே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல கூட்டு கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நகப் பூஞ்சைக்கு மாத்திரை பொதுவாகக் கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் தேவைப்படும். மாத்திரை முடிந்தும் நகம் அப்படியே இருக்கிறதே என்று சோர்ந்துவிடாதீர்கள். அடியிலிருந்து சுத்தமான நகம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: பாலிஷும் சத்து மாத்திரையும்

நகப் பாலிஷ் போடலாம், நடுநடுவே சில நாள் வெறுமனே விடுங்கள். பாலிஷ் அகற்றும் அசிட்டோன் நகத்தை வறளச் செய்யும், அகற்றியதும் எண்ணெய் தடவுங்கள். ஜெல் பாலிஷைச் சுரண்டி எடுத்தால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். மருதாணி இலை நகத்துக்குக் கெடுதல் செய்யாது. கறுப்பாகப் பிடிக்கும் கோன்களில் முடிச்சாயத்தில் உள்ள ரசாயனம் கலந்திருக்கலாம், அது கடுமையான ஒவ்வாமை உண்டாக்கும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் கால்சியம் குறைவு என்பார்கள். பெரும்பாலும் அது நகவேரில் பட்ட சின்ன அடியின் தடம், வளர்ந்து போய்விடும். நகத்தை வலுவாக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் (பி வகை வைட்டமின்களில் ஒன்று) மாத்திரைக்கான ஆதாரமும் குறைவு. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தவறாக வரக்கூடும். சோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பருப்பு, முட்டை, மீன், கீரை என்று ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குத் தனி மாத்திரை தேவைப்படுவது அரிது.

படி 7: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

நீளவாக்கில் மெல்லிய வரிகள் வயதானால் வரும், பயமில்லை. நகங்களில் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தால், சில மாதங்களுக்கு முன் வந்த கடுமையான காய்ச்சலின் தடமாக இருக்கலாம். இவற்றுக்கு மட்டும் தாமதிக்காதீர்கள்:

- நகம் கரண்டி போலக் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.
- இரு கைகளின் ஒரே விரல் நகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். தெரியாமல் விரல் நுனி உருண்டு பருத்திருந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.
- நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமானாலோ, பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு பரவினாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும்.

போவதற்கு முன் பாலிஷை அகற்றிவிடுங்கள். பூஞ்சை சந்தேகம் என்றால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போகாதீர்கள், சோதனைக்குத் துண்டு தேவைப்படும். ஏற்கெனவே தடவிய கிரீமின் டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள், கைப்பேசியில் தேதியோடு எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள்.