ஆறிய எஞ்சினில் தொடங்குங்கள்: பழைய டீசல் செடானைப் புதுச்சேரியில் ஓட்டிப் பார்த்து வாங்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே இந்த வருடம் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, பாண்டியில ஒரு பி.எம்.டபிள்யூ 320டி வருது. புது சின்னக் கார் விலைதான் சொல்றாங்க. எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். இந்த வகை வண்டி நல்ல நிலையில் கிடைத்தால் அதைப்போல் நெடுந்தூரத்துக்கு ஏற்றது வேறில்லை என்பது என் அனுபவம். கெட்ட நிலையில் கிடைத்தால் வாங்கிய விலையில் பாதி பட்டறைக்கே போகும். இரண்டையும் பிரித்தறிய ஒரு காலைப்பொழுது போதும். 2012இல் இந்தியாவுக்கு வந்த எஃப்30 தலைமுறை 320டி-யை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். ஸ்கோடா சூப்பர்ப், ஆடி ஏ4, பென்ஸ் சி கிளாஸ் டீசல் பார்ப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

படி 1: முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே இதைச் செய்யுங்கள். வீட்டிலிருந்து கடைக்கு 3 கிலோமீட்டர், பள்ளிக்கு 2 கிலோமீட்டர், அவ்வளவுதான் தினசரி ஓட்டம் என்றால் டீசல் வேண்டாம்.

காரணம் சைலன்சர் பாதையில் இருக்கும் டி.பி.எஃப். என்ற கரிவடிகட்டி. 2020 ஏப்ரலுக்குப் பின் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் இது கட்டாயம் இருக்கும். அதற்கு முந்தைய சிலவற்றிலும் உண்டு. எஞ்சின் கக்கும் கரித்தூளை இது பிடித்து வைத்து, அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கும். எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் அந்தச் சூடு தானாக வரும். தெருவுக்குள்ளேயே சுற்றினால், எரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். என் மைத்துனருக்கு இதுதான் நடந்தது. ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. அவர் அதை நல்ல அறிகுறி என்று நினைத்திருந்தார். கடைசியில் வடிகட்டியே அடைத்துப்போனது.

வாரம் ஒருமுறை சென்னைக்கோ திருச்சிக்கோ போய் வருபவர் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ஆறிய எஞ்சினைக் கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. முந்தைய நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "காலையில் ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனதும் முதல் வேலையாகப் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்காதீர்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் போகும் காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நெருக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்து அழுத்தினால் பம்பு சுடுமே, அதே சங்கதிதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது உலோகம் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அப்போதுதான் தேய்ந்த பிஸ்டன் ரிங், ஒழுகும் இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை), செத்துப்போன குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) எல்லாம் வெளியே தெரியும். சூடேறிய எஞ்சின் இந்தக் குறைகளை மூடி மறைத்துவிடும். நான் முதலில் வாங்கிய டீசல் செடானைச் சூடான எஞ்சினோடுதான் காட்டினார்கள். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் அது மூன்று முறை முக்கி, வெள்ளைப் புகையோடு கிளம்பியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பாடத்துக்கு நான்கு இன்ஜெக்டரின் விலை கொடுத்தேன்.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். உடனே பிடிக்க வேண்டும். முதல் அரை நிமிடம் 'டகடக' என்று கொஞ்சம் கரகரப்பாக இருப்பது டீசலின் இயல்பு. சிறிது நேரத்தில் சீராகிவிட வேண்டும். சைலன்சர் பக்கம் போய்ப் பாருங்கள். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை நீடித்தால் எரியாத டீசல் வெளியே வருகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

அடுத்து பானட்டைத் திறந்து, எஞ்சினின் முன்புறத்தைவிடப் பின்புறத்தை, அதாவது கேபினை ஒட்டிய பக்கத்தைக் காதால் கவனியுங்கள். 320டி-யில் முதலில் வந்த என்47 எஞ்சினுக்கு, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. சுமார் 2011 வரை தயாரான என்47 எஞ்சின்களில்தான் செயின் தேய்மானம் அதிகம் பேசப்பட்டது. ஆனாலும் எந்த வருட வண்டியானாலும் கேட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். தகரத்தில் சங்கிலி உரசுவதுபோல் ஒரு சத்தம் பின்னாலிருந்து வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். செயினை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். 2015 புதுப்பிப்புக்குப் பின் வந்த பி47 எஞ்சினில் இந்தக் கவலை குறைவு.

இன்னொன்று. 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையை ஆற்றும் ஈ.ஜி.ஆர். கூலரிலிருந்து கூலன்ட் கசிந்ததுதான் காரணம் என்று கண்டு, பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். நீங்கள் பார்க்கும் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த வேலை அதற்கு உண்டா, முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கூலன்ட் அளவு அடிக்கடி குறைகிறது என்று விற்பவரே சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

படி 3: ஊருக்குள் ஊர்ந்து பாருங்கள்

அண்ணா சாலை, இந்திரா காந்தி சிலை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகத் தவளக்குப்பம் வரை மெதுவாகப் போய்த் திரும்புங்கள். சிக்னல், ஸ்கூட்டர் கூட்டம், வேகத்தடை எல்லாம் இந்தப் பாதையில் போதுமான அளவு கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது கியர்பாக்ஸ். இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் இது. ஒன்றிலிருந்து மூன்று வரை மாறுவது உங்களுக்குத் தெரியவே கூடாது. ஊர்ந்து நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ தட்டுவதுபோல் ஒரு உதை வந்தால் கியர்பாக்ஸ் ஆயில் பழசாகியிருக்கலாம். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனம் சொன்னாலும், கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப். 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் தயாரித்தவரின் பேச்சைத்தான் கேட்பேன்.

வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது ஜன்னலை இறக்கிவிட்டு 'கடக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ரன் ஃப்ளாட் டயர் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் கெட்டியான டயர்) போட்ட வண்டி கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும், அது குறையல்ல.

படி 4: கோரிமேடு தாண்டி இழுவையை உணருங்கள்

இனி ராஜீவ் காந்தி சிலை, ஜிப்மர் வழியாகத் திண்டிவனம் நான்குவழிச் சாலைக்கு வாருங்கள். நம் பக்கம் மலை கிடையாது. கோரிமேட்டு ஏற்றம்தான் நமக்கு மலை.

பெட்ரோல் காரிலிருந்து வருபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து எஞ்சினைக் கத்தவிட்டு, "பிக்கப் பார்த்தேன்" என்பார்கள். டீசலின் குணம் அங்கே இல்லை. 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்று 4200 சுற்றில் 113 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, தந்தது. இந்த 1995 சிசி டீசல் 1750 சுற்றிலேயே 380 தருகிறது; பி47 என்றால் 400. மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் எஞ்சின் பாதித் தூக்கத்தில் இருக்கும்போதே! 4000 சுற்றுக்கு மேல் அதனிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிச்சமில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கம்ஃபர்ட் மோடில் 60இல் நிதானமாகப் போங்கள். முன்னால் ஒரு லாரி இருக்கட்டும். வழி தெளிவானதும் ஆக்சிலேட்டரைப் பாதி மட்டும் மிதியுங்கள். ஒரு நொடிக்கும் குறைவான தயக்கம் இருக்கும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ மூச்சை இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அப்புறம் முதுகைச் சீட்டோடு சேர்த்து அழுத்தும் ஒரு தள்ளல் வரும். சத்தம் பெரிதாக மாறாமல் வேகம் மட்டும் ஏற வேண்டும். நிறையச் சுமை ஏற்றிய படகைப் பின்னாலிருந்து பெரிய அலை ஒன்று தூக்கித் தள்ளுவதுபோல் இருக்கும். இந்த உணர்வுக்காகத்தான் நான் இன்னமும் டீசலை விடாமல் இருக்கிறேன்.

தள்ளல் நடுவில் விட்டுவிட்டு வந்தாலோ, திடீரென்று சக்தி செத்து, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியானாலோ, டர்போவிலோ அதன் குழாய்களிலோ கோளாறு. மெல்லிய விசில் சத்தம் இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன்போல் ஊளையிட்டால் டர்போ பேரிங் போகிறது.

பிறகு 100இல் நிலைநிறுத்துங்கள். பலகையில் போட்டிருக்கும் வேகத்தைத் தாண்ட வேண்டாம். எட்டாவது கியரில் ஊசி 1500 சுற்றை ஒட்டி நிற்கும். நெடுஞ்சாலையில் இந்த வண்டி இவ்வளவு குறைவாக டீசல் குடிப்பதற்கு இதுதான் காரணம்.

வளைவில் திருப்பிப் பார்க்கும்போது இன்னொன்று புரியும். இதில் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன, முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். எடையை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிக்க பேட்டரியைக்கூட டிக்கியில் வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் கையில் சுத்தமாக இருப்பது இதனால்தான். முன்சக்கரம் இழுக்கும் சூப்பர்ப்பில், ஈரத்தில் ஆக்சிலேட்டரை வேகமாக மிதித்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்குவதுபோல் இருக்கும். ஆனால் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்றால் சூப்பர்ப்தான். பெற்றோரை அதிகம் அழைத்துப் போகிறவர் அதையே பாருங்கள்.

படி 5: வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம் ஊருக்கென்றே உள்ள சோதனை இது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் கார்கள் நீரில் நின்றன. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் மூழ்கியது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மடிப்பில் சேற்றுக் கோடு இருக்கிறதா? டிக்கி விரிப்பைத் தூக்கி பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள். மிதியடிக்குக் கீழே உள்ள விரிப்பைக் கையால் அழுத்தி முகர்ந்து பாருங்கள். கழுவித் துடைத்தாலும் அந்த ஊறல் வாடை போகாது. நீருக்குள் எஞ்சினை ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். தண்ணீரை நெருக்க முடியாது என்பதால் பிஸ்டன் கம்பி வளைந்திருக்கலாம். அது உடனே தெரியாமல் பல மாதம் கழித்துக்கூட உடையும். கடற்கரையை ஒட்டி நிறுத்திய வண்டி என்றால் கீழே படுத்து, உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: காகிதம்

டெல்லி வட்டாரத்தில் 10 வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால் அங்கிருந்து நிறைய வண்டிகள் தெற்கே வந்தன. விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வருடத்தையும் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பி.ஒய். (புதுச்சேரி) பதிவு வண்டியை வாங்கிக் கடலூரில் வைத்து ஓட்டப்போகிறீர்களா? 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. ஆகவே தமிழ்நாட்டு வரியையும் விலையோடு கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். தடையில்லாச் சான்றுக்கும் பெயர் மாற்றத்துக்கும் படிவம் 28, 29, 30 கையெழுத்தாக வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அதை நீக்கப் படிவம் 35உம் வேண்டும்.

இதெல்லாம் முடிந்து வண்டியை விற்பவரின் வீட்டு வாசலில் நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டர்போ ஆற ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து, நின்ற இடத்தில் தரையைக் குனிந்து பாருங்கள். ஏ.சி. தண்ணீர் சொட்டியிருக்கும், அது பரவாயில்லை. விரலில் தொட்டால் வழுக்கினால் அட்வான்ஸ் பணம் பையிலேயே இருக்கட்டும்.