லெட்டர் பாக்ஸ் பூட்டு நானே மாத்துனேன்

அபார்ட்மெண்ட் கீழ இருக்குற எங்க லெட்டர் பாக்ஸ் சாவி தொலைஞ்சு நாலு மாசம், எட்டிப்பாத்தா உள்ள ஒரு கல்யாண பத்திரிகையோட மஞ்சள் முனை மட்டும் தெரியுது. பூட்டுக்காரர் 400 ரூபா கேட்டாரு, போங்கண்ணேன்னுட்டேன். பக்கத்து பாக்ஸ் திறந்து கிடந்துச்சு, அதே மாடல், அதுல அளந்துக்கிட்டேன், ஓட்டை 19 மி.மீ., ரெண்டு பக்கம் தட்டையா இருக்கும், பூட்டு சுத்தாம இருக்க. கதவு மூடியிருக்கறதால பின்னாடி பூட்ட இறுக்கி வச்சிருக்குற நட்ட தொட முடியாதே, அதனால சாவி துவாரத்துலயே முதல்ல 3 மி.மீ. பிட், அப்புறம் 6 போட்டு ட்ரில் பண்ணேன், உள்ள இருக்குற சின்ன தகடெல்லாம் நொறுங்கி பித்தளை தூளா கொட்டுச்சு, ஸ்க்ரூட்ரைவர விட்டு திருப்புனா திறந்துருச்சு (கண்ணாடி போட்டுக்கோங்க, தூள் தெறிக்கும்).

புது பூட்டு 90 ரூபா. அதோட நாக்கு (பூட்டுக்கு பின்னாடி சுத்தி கதவ பிடிச்சுக்குற தகடு) நீளம் ஜாஸ்தி, பழைய நாக்கையே இதுல மாட்டிட்டேன். முதல் தடவ நாக்க தப்பா வச்சு பூட்டுனா சாவி வெளிய வரல, கழட்டி 90 டிகிரி திருப்பி மாட்டுனதும் சரியாச்சு.

பத்திரிகை எதிர் வீட்டுக்கு வந்தது, முகூர்த்தம் போன மாசமே முடிஞ்சிருச்சு.