மும்முனை மோட்டாரில் வோல்டேஜும் ஆம்பியரும் பார்ப்பது எப்படி?

கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது. அல்லது சுற்றுகிறது, ஆனால் பாடி கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. எதுவானாலும் பிரித்துப் பார்க்கும் முன் மூன்று பேஸையும் அளந்துவிடுங்கள். 5 ஹெச்பி பம்ப்செட்டை வைத்தே சொல்கிறேன்.

வேண்டியது ஒரு கிளாம்ப் மீட்டர். டாங் டெஸ்டர் என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் தருவார்கள். மேலே கேட் 3 (CAT III, மீட்டரின் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வயலில் இருந்து வந்த ஈரக் காலோடு பெட்டியைத் திறக்க வேண்டாம்.

முதலில் வோல்டேஜ். கறுப்பு வயர் காம் (COM) துளையில், சிவப்பு வயர் வி துளையில், குமிழ் ஏசி வோல்டேஜில். சாதாரண மல்டிமீட்டர் என்றால் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இல்லை என்பதை இரண்டு தடவை பாருங்கள். அதிலே செருகி இரண்டு பேஸில் வைத்தால் மீட்டர் அளக்காது, ஷார்ட் அடிக்கும். வீட்டு பிளக்கில் ஒருமுறை வைத்து, மீட்டர் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மெயின் சுவிட்சுக்கு வருவோம். மூன்று பேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் என்று மூன்று ஜோடியையும் அளந்து எழுதுங்கள். 415-ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் 240 சுமார், அதாவது 415-ஐ 1.732-ஆல் வகுத்தது.

மோட்டார் ஓடும்போது வோல்டேஜை மட்டும் நம்பக் கூடாது. ஓடும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போனாலும், அறுந்த பேஸில் மோட்டாரே வோல்டேஜ் உண்டாக்கிக் காட்டும். மீட்டரில் மூன்றும் சரிபோலத் தெரியும், உள்ளே வைண்டிங் கருகிக்கொண்டிருக்கும். ஆம்பியர்தான் இதைக் காட்டிக்கொடுக்கும்: ஒரு வயரில் பூஜ்யம், மற்ற இரண்டில் எக்கச்சக்கம்.

ஆம்பியர் பார்க்க, கிளாம்பின் வாய்க்குள் ஒரே ஒரு வயர். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். 5 ஹெச்பிக்கு முழு லோடில் 7 ஆம்பியர் சுமார். சரியான எண் மோட்டாரின் நேம் பிளேட்டில் இருக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் பெட்டி) என்றால், மோட்டாருக்குப் போகும் ஆறு வயரில் பிடித்து 4 ஆம்பியர்தான் என்று ஏமாறாதீர்கள். ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் மூன்று வயரில்தான் முழுக் கரண்டும் தெரியும்.

எனக்கு 7.0, 7.6, 6.7 வந்தது. சராசரி 7.1, அதிக விலகல் 0.5, அதாவது 7 சதவீதம். வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே கரண்டில் அதைப்போல 6 முதல் 10 மடங்கு தெரியும் என்பதால் இதற்கு நான் பதறவில்லை.

இதைவிட அதிகம் வந்தால் கோளாறு லைனிலா மோட்டாரிலா? மெயினை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்த பிறகு, ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் மூன்று வயரையும் ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டுங்கள். மூன்றும் நகர்வதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டி அளங்கள். அதிக ஆம்பியர் பழைய பேஸிலேயே நின்றால் கோளாறு லைனில். வேறு பேஸுக்குத் தாவினால் ஸ்டார்ட்டரைப் பார்த்துவிட்டு, மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.