சின்னக் குளியலறையில் ஷவரும் அலமாரியும்: எங்கே தவறுகிறோம்?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத்துப் பழைய சொசைட்டிக் (கூட்டுறவு வீட்டுவசதி சங்க) கட்டடங்களில் குளியலறை என்பது பெரும்பாலும் 4 அடி அகலமும் ஆறேழு அடி நீளமும் கொண்ட ஒரு பெட்டிதான். செம்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறை 4 அடிக்கு ஆறரை அடி. கமோடு, வாஷ் பேசின், கீசர், வாளி, துணி ஊறவைக்கும் டப், ஃபினைல் பாட்டில், நான்கு பேருடைய சோப்பு ஷாம்பூ, மாமியாரின் சீயக்காய் டப்பா ஆகிய அத்தனையும் அதற்குள் இருந்தாக வேண்டும். நின்று குளிக்க ஒழுங்கான ஷவரும் வேண்டும் என்று தீர்மானித்துத்தான் அதை முழுவதுமாக உடைத்துக் கட்டினோம். அந்த வேலையில் நாங்கள் செய்த தவறுகளும், அதன்பின் உறவினர் வீடுகளிலும் பக்கத்து வீடுகளிலும் பார்த்த தவறுகளும் ஏறத்தாழ ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தண்ணீர் எங்கே விழும், எதுவரை தெறிக்கும், எந்த வழியாக வெளியேறும் என்று முடிவு செய்வதற்கு முன்பே, எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடுகிறோம்.

அந்தத் தவறு கடையில் தொடங்குகிறது. ஷோரூமில் கண்ணாடிக் கதவும் அகலமான பேசினும் பளபளப்பதைப் பார்த்துவிட்டு அவற்றுக்கேற்ப அறையை வளைக்க முயல்கிறோம். அதற்குப் பதிலாக முதலில் பழைய தரையில் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் கைகளை மடக்கித் தலை தேய்த்துக் குளிக்க 3 அடிக்கு 3 அடி இருந்தால் வசதி. இரண்டரை அடிக்குக் கீழே போனால் முழங்கை சுவரில் இடிக்கும். கமோடின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 15 அங்குலமாவது வேண்டும், அதன் முன்னால் கால்வைக்க 2 அடி வேண்டும். எங்கள் அறையின் ஆறரை அடி நீளத்தில் ஷவருக்கு 33 அங்குலம், பக்கச்சுவர்க் கமோடுக்கு 30, பேசினுக்கு 15 என்று கணக்கு நேராக முடிந்தது. ஓர் அங்குலம்கூட மிஞ்சவில்லை. இந்த இடத்தில் பலரும் மறப்பது சுவரின் கனத்தை. செங்கல் தெரிய உடைத்த பிறகு எடுத்த அளவை நம்பிச் சாமான் வாங்கினால், பூச்சும் டைல்ஸும் ஒவ்வொரு சுவரிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிட்டு, வாங்கிய பேசின் கதவை இடிக்கும். கதவையும் முடிந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுவது நல்லது. உள்ளே இடம் கிடைப்பது ஒருபுறம் இருக்க, வயதானவர்கள் உள்ளே வழுக்கி விழுந்து கதவின்மேல் சாய்ந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது.

இனி, கண்ணுக்குத் தெரியாத தரைக்கு வருவோம். பணத்தைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். ஆனால் குறைக்கவே கூடாத இடம் இதுதான். இந்தக் கட்டடங்களில் குளியலறைத் தளம் மற்ற அறைகளின் தளத்தைவிட 8 முதல் 12 அங்குலம் தாழ்த்திப் போடப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டுகளை இட்டு நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இணைப்பு வழியாகவும் குழாய்ச் சந்துகள் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் இறங்கும் ஈரம் அந்தச் செங்கல் துண்டுகளுக்குள் தேங்கி, ஒருநாள் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் கறையாகத் தெரியும். பழைய டைல்ஸின் மேலேயே புதிய டைல்ஸை ஒட்டிவிட்டால் உடைக்கும் செலவு மிச்சம் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் அது தரையின் முகத்தை மாற்றுமே தவிரக் கசிவை நிறுத்தாது. ஏற்கெனவே கசிவு உள்ள வீட்டில் அதைச் செய்வது புண்ணுக்குப் பவுடர் பூசுவது போன்றது.

நீர்க்காப்புப் பூச்சைத் தாழ்த்திய தளத்தின் மீதே முதலில் பூச வேண்டும். குழாய் பதித்து நிரப்பிய பின், டைல்ஸுக்கு அடியில் இன்னொரு முறை பூச வேண்டும். சுற்றுச்சுவர்களில் ஓர் அடி உயரம் வரையும், ஷவர் விழும் சுவர்களில் ஆறேழு அடி உயரம் வரையும் அந்தப் பூச்சு ஏற வேண்டும். பக்கெட் குளியலுக்குக் கட்டிய பழைய அறைகளில் சுவரின் மேல்பகுதிக்குப் பூச்சே இருக்காது; ஷவர் வைத்த மறு ஆண்டு, சுவருக்கு மறுபக்கம் படுக்கையறையில் பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். மிஸ்திரிக்கு இது பிடிக்காது. அவருக்கு இரண்டு நாள் வேலை நிற்கும், ஆகவே "ஹோ ஜாயேகா" (எல்லாம் சரியாகிவிடும்) என்பார். அந்தச் சொல்லை நம்பாமல், கீழ்வீட்டுக்காரரை முன்னதாகவே பார்த்து, இந்த இரண்டு நாளும் அவர் வீட்டுக் கூரையை ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டுவிடுவது நல்லது. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்களின் மாதிரித் துணைவிதிப்படி, கழிவறை, ஸிங்க் போன்றவற்றால் வீட்டுக்குள் ஏற்படும் கசிவைச் சரிசெய்யும் செலவு அந்த உறுப்பினரையே சேரும்.

தரையின் சரிவை இங்கே மிஸ்திரிகள் 'டால்' என்பார்கள். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள். மட்டப்பலகை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஷவர் பகுதியில் 2 அடிக்கு 4 அடிப் பெரிய டைல்ஸ் போட்டால் நாலு பக்கமிருந்தும் நானி ட்ராப்பை, அதாவது தரை வடிகாலை, நோக்கிச் சரிவு கொடுக்க முடியாது. ஓர் அடிக்கு உட்பட்ட, சொரசொரப்பான மேட் டைல்ஸ்தான் அதற்கு வளையும். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் உள்ள வீடு என்பதை டைல்ஸ் கடைக்காரர் அறியமாட்டார், நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். ஷவர் பகுதியைப் பிரித்தபின் கமோடு பக்கம் உள்ள பழைய நானி ட்ராப்பை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு தவறு. அதில் தண்ணீர் விழாதபோது உள்ளே நிற்க வேண்டிய 50 மில்லிமீட்டர் நீர்த்தடுப்பு வற்றிவிடும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் மேலேறும். ஒன்று, அதை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் தினமும் ஒரு மக் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்தது, தண்ணீரின் வேகத்தைப் பார்க்காமல் ஷவர் வாங்குவது. மும்பைக் கட்டடங்களில் மாநகராட்சித் தண்ணீர் கீழே உள்ள தொட்டியில் நிரம்பி, பம்ப் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையால் நம் குழாய்க்கு இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டில் தொட்டிக்கும் ஷவருக்கும் 3 மீட்டர்தான் இடைவெளி என்றால் அழுத்தம் 0.3 பார், அங்கே 10 அங்குல ரெய்ன் ஷவரை மாட்டினால் மழை பெய்யாது, ஓட்டைக் கூரை ஒழுகுவதுபோல் நடுவில் மட்டும் ஒழுகும். முலுண்டில் என் சித்தப்பா வீட்டில் நடந்தது இதுவே. இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம்: 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் பெரிய ஷவரைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றரை நிமிடம் தாண்டினால் 4 அங்குல ஷவரும் கைஷவரும் போதும் என்பது என் கணிப்பு. தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும், சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர்கள் பலவற்றுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும், வெளியே தெரியும் சாதாரண வால் மிக்ஸர் பார்வைக்குப் பழையதாக இருந்தாலும் பழுதானால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பிரஷர் பம்ப் வைப்பதாக இருந்தால், சொசைட்டியின் அனுமதியோடு மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மட்டுமே வைக்க வேண்டும். கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதையும் அதன் அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷவர் வந்துவிட்டது என்பதற்காக வாளிக்குழாயை எடுத்துவிடாதீர்கள். 2023இலும் 2024இலும் ஏரிகளில் நீர் குறைந்தபோது மாநகராட்சி 10 விழுக்காடு விநியோகத்தைக் குறைத்தது. சொசைட்டிகளும் நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. அத்தகைய நாளில் குளியல் என்பது நிரப்பி வைத்த ஒரு வாளி மட்டுமே. சிக்கல் என்னவென்றால், எந்த வரைபடத்திலும் வாளி இருப்பதில்லை. எங்கள் வரைபடத்திலும் இல்லை. பேசினுக்கு அடியில் இரண்டு கதவு வைத்த அழகான அலமாரி செய்துவிட்டு, ஓர் அடி விட்டமுள்ள வாளியை எங்கே வைப்பது என்று முதல்நாள் காலையில்தான் விழித்தோம். அது ஆறு மாதம் கமோடின் முன்னால் உட்கார்ந்திருந்தது.

அந்த அலமாரிக்கே வேறு விதி காத்திருந்தது. பார்ட்டிகிள் போர்டில் லேமினேட் ஒட்டிய அதை மலிவு என்று வாங்கியிருந்தோம். ஜூனில் மழை தொடங்கி, துவைத்த துணியே மூன்று நாள் காயாத காலத்தில், அதன் அடிவிளிம்பு மெல்ல ஊறி, தவிடு போட்ட இட்லிபோல் உப்பியது. ஆகஸ்டில் கீல் கழன்று கதவு கையோடு வந்துவிட்டது. குளியலறைக்குள் மரப்பலகைதான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்க வேண்டும். அதிலும் குழாய்க்காக வெட்டிய ஓட்டைகளின் விளிம்பைப் பூசி அடைக்காவிட்டால் ஈரம் அந்த வழியே நுழையும். பி.வி.சி. போர்டு ஊறாது, ஆனால் கனமான கதவின் திருகாணியை நெடுநாள் பிடித்து நிற்பதில்லை. சின்னக் கதவுகளுக்கு அது போதும். எதுவானாலும் தரையைத் தொடாமல் 8 அங்குலம் மேலே சுவரில் தொங்கவிடுவது நல்லது. இப்போது எங்கள் பேசினுக்கு அடியில் அலமாரியே இல்லை, அங்கே வாளி இருக்கிறது.

அப்படியானால் சாமான் எங்கே போகும்? மேலே போகும், ஈரம் எட்டாத பக்கம் போகும். கதவு 7 அடி, கூரை 9 அடி என்றால் நடுவே 2 அடி உயரத்தில் ஒரு பரண் சும்மா கிடக்கிறது. மாதம் ஒருமுறை எடுக்கும் ஃபினைல், டிஷ்யூ, உபரி சோப்பு எல்லாம் அங்கே அடங்கும். கமோடுக்கு மேலே நாலரை அடியிலிருந்து 8 அங்குல ஆழத்தில் அலமாரி வைக்கலாம். அதற்குமேல் ஆழம் கூடினால் எழுந்திருக்கும்போது தலை இடிக்கும். பேசினுக்கு மேல் வெறும் முகக்கண்ணாடிக்குப் பதில் முகக்கண்ணாடிக் கதவு வைத்த 5 அங்குல ஆழமுள்ள பெட்டி. ஆனால் சன்னலை மறைத்து எதையும் வைக்காதீர்கள். குழாய்கள் இறங்கும் டக்ட் பக்கம் திறக்கும் அந்தச் சிறு சன்னலும் அதில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் மற்ற எல்லாவற்றையும் காய வைக்கின்றன. கடற்காற்று உள்ள ஊரில் டவல் கம்பிக்கும் ஸ்டாண்டுக்கும் 304 தர ஸ்டீல் வாங்குங்கள்; 202 தரம் விரைவிலேயே துருப்பொட்டு வைத்துவிடும்.

ஷவர் பக்கச் சுவரில் சோப்பு வைக்கும் மாடம் குடைவது எல்லாரும் விரும்புவது. நாலரை அங்குலக் கனமுள்ள அரைச்செங்கல் சுவரில் 4 அங்குலம் குடைந்தால் மறுபக்கத்துக்குப் பூச்சு மட்டுமே மிஞ்சும். அச்சில் கான்கிரீட் வார்த்துக் கட்டும் புதிய மிவான் கோபுரங்களில் சுவர் முழுவதும் கான்கிரீட் என்பதால் குடையும் பேச்சுக்கே இடமில்லை. அங்கெல்லாம் சுவரின் முன்னால் 4 அங்குலக் கனத்தில் இடுப்பளவுத் திண்டு ஒன்று எழுப்பினால் குழாயும் அதற்குள் போகும், மேலே பாட்டில்களும் நிற்கும். மாடமோ திண்டோ, அதன் அடிப்பலகை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். எங்களுடையதை மட்டமாகப் போட்டுவிட்டார்கள். சோப்புக் கரைசல் தேங்கி வழவழத்து, பிறகு ஒரு கிரானைட் துண்டைச் சாய்த்து ஒட்டித்தான் அது சரியானது.

கண்ணாடித் தடுப்பு வைப்பதானால் டைல்ஸ் ஒட்டி முடிந்த பின்பே அளவு கொடுங்கள், ஏனென்றால் டஃபண்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. 4 அடி அகலத்தில் கதவே வேண்டாம். 2 அடி அகலத்தில் அசையாத கண்ணாடித் தடுப்பு ஒன்று போதும், மீதி 2 அடி நுழைவழி. திரைச்சீலையும் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கீசரைப் பொய்க்கூரைக்குள் மறைப்பவர்கள் அதைக் கழற்றும் அளவுக்குத் திறப்பு விட வேண்டும். கீசருக்கு 16 ஆம்பியர் தனி இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

உடைக்கும் முன் சொசைட்டியில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். கீழ்வீட்டின் படுக்கையறைக்கோ சமையலறைக்கோ மேலே குளியலறையை நீட்டுவதை அவர்கள் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் கூடாது. சுவரில் குழாய் பதித்து டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ஒவ்வொரு சுவரிலும் அளவுநாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். டவல் கம்பிக்குத் துளையிடும் நாளில் வெந்நீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று வேறு யாரும் சொல்லமாட்டார்கள். டைல்ஸில் மிஞ்சும் ஐந்தாறையும் மிஸ்திரி அள்ளிக்கொண்டு போகாமல் வாங்கிக் கதவுக்கு மேலுள்ள பரணில் அடுக்கிவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது.