பாலிஷ் பிளேட் சீக்கிரம் தேய்கிறதா? முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் பட்டறையில் ஒரு கறுப்புக் காரின் பானட்டில் பாலிஷ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஃபோம் பேட் தனியாகப் பறந்து போய்ச் சுவரோரம் இருந்த தண்ணீர் வாளியில் விழுந்தது. நான் சுவிட்சை விடுவதற்குள், பேட்டை மெஷினோடு பிடித்துவைக்கும் வட்டத் தட்டான பிளேட் வெறுமனே பானட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு அரைவட்டக் கீறல். பூஜைக்கு வண்டியைக் கொடுத்தாக வேண்டிய நேரத்தில் அதை எடுக்கவே ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

"அண்ணே, பிளேட்டு மட்டமான சரக்கு. பாண்டில நல்லதா ஒண்ணு வாங்கிடுவோம்" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வருடத்தில் அது மூன்றாவது பிளேட். பழையது இரண்டையும் டப்பாவிலிருந்து தேடி எடுத்து, மூன்றையும் மேசையில் மல்லாக்க வைத்துப் பார்த்தோம். மூன்றுமே வேறு வேறு கம்பெனி. மூன்றிலும் ஒரே இடத்தில், நட்டநடுவில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெல்க்ரோ பளபளவென்று வழித்துவிட்டதுபோல் இருந்தது. ஓரத்துக் கொக்கிகள் புதுசுபோலவே நின்றன. சரக்கு மூன்றும் ஒரே மாதிரி மட்டமாக இருக்க முடியாது. தப்பு கையில்.

பிளேட்டின் முகத்தில் இருப்பவை பொடிப்பொடி பிளாஸ்டிக் கொக்கிகள். பேட்டின் முதுகில் இருக்கும் நூல் வளையங்களை அவை கவ்விப் பிடிக்கின்றன. அவ்வளவுதான் பிடிப்பு. சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகும். இளகிய கொக்கியை இழுத்தால் நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்த கொக்கி ஆறினாலும் மறுபடி வளையாது. பெயிண்டில் பேட் தேய்கிற சூடு மட்டும் இதற்குக் காரணம் என்று நினைக்காதீர்கள். அதில் பெரும்பகுதியை ஃபோம் தடுத்துவிடும். ஃபோம் கசங்கிக் கசங்கி உள்ளுக்குள் கிளம்பும் சூடும், கொக்கியும் வளையமும் ஒன்றையொன்று உரசும் சூடும்தான் பிளேட்டைத் தின்கின்றன. ஓரத்துக்குக் காற்றுப் படும். நடுவில் இருக்கும் சூட்டுக்குப் போக வழி கிடையாது. இப்போது வருகிற பேட்கள் பலவற்றில் நடுவில் ஓட்டை இருப்பது இதற்காகவும்தான்.

நடு தேய்ந்திருந்தால் முதல் சந்தேகம் அழுத்தத்தின் மேல் விழ வேண்டும். ரோட்டரி மெஷினில் பழகிய கைக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவாக வேலை செய்வதுபோலத் தோன்றும். உடனே உடம்பு பாரத்தை அதன்மேல் போடுவோம். ரோட்டரி என்றால் மோட்டார் பிளேட்டை நேராகப் பிடித்துச் சுற்றுகிறது. டூயல் ஆக்‌ஷனில் பிளேட் 8, 15 அல்லது 21 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆடுகிறது. தன் அச்சில் அது சுற்றுவது அந்த ஆட்டத்தில் தானாக வருகிற சுற்று. அழுத்தினால் சுற்று நின்றுவிடும், ஆட்டம் மட்டும் நடக்கும். மெஷின் சத்தம் பெரிதாக மாறாததால் நமக்குத் தெரியாது. பேட் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு நிற்க, பிளேட் மேலே ஆட, நடுவில் மாட்டிய கொக்கிகள் அந்த இழுவை முழுவதையும் வாங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பிளேட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு சுற்றிச் சுற்றி வந்தால் சரி. ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால் கையைத் தளர்த்துங்கள். முதல் நாள் நான் கோடு போட்டு ஓட்டியபோது பாதி நேரம் அது நின்றுகொண்டுதான் இருந்தது. பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குக் கூச்சமாக இருந்தது. சமமான பானட், கூரை போன்ற இடங்களில் மெஷினின் எடையோடு கை லேசாகப் படிந்தாலே பெரும்பாலும் போதும்.

அடுத்தது, ஒரே பேட்டை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் முடிப்பது. பாலிஷ் போடத் தடவும் களிம்பான காம்பவுண்ட் ஊறி ஊறிப் பேட் கனமாகும், சூட்டையும் பிடித்துவைக்கும். கதவு, பானட் என்று இரண்டு பேனலுக்கு ஒருமுறை பேட்டை மாற்றி, கழற்றியதை ஆறவிட்டால் பிளேட்டும் ஆறும். கத்திரி வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடி வந்த வண்டியை நிறுத்திய கையோடு மெஷினை வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். புறங்கையைப் பேனலில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நிழலில் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

தேய்மானம் நடுவில் இல்லாமல் விளிம்பில் வளையம்போல இருந்தால் கதை வேறு. மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஓட்டுகிறீர்கள். பம்பர் வளைவு, கதவுக் கைப்பிடியைச் சுற்றிய இடம், கண்ணாடிக் கம்பம் என்று 5 இஞ்ச் பிளேட் உட்காராத இடங்களில் ஓரத்தை மட்டும் வைத்துத் தேய்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அங்கே 3 இஞ்ச் பிளேட்டை மாட்டுவதுதான் வழி. பேட் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 இஞ்ச் பிளேட்டுக்குப் பேட் ஐந்தரை இஞ்சாவது இருக்க வேண்டும். பேட்டைவிடப் பிளேட் பெரிதாக இருந்தால் வெளியே நீட்டிய கொக்கிகள் தூசியைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கீறும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேட்டைக் கோணலாக ஒட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பேட்டை மேசையில் கவிழ்த்துப் போட்டு, மெஷினை மேலிருந்து இறக்கி, சுற்றிலும் ஒரே அளவு ஃபோம் தெரிகிறதா என்று பார்த்து அழுத்தினால் தீர்ந்தது.

முகம் நன்றாக இருந்து முதுகு தேய்ந்திருப்பதும் உண்டு. பேனலில் கறுப்புப் பொடி உதிரும், மெஷின் கீச்சென்று கத்தும். டூயல் ஆக்‌ஷன் மெஷின்கள் சிலவற்றில் பிளேட்டுக்கும் அதைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டிலுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று இருக்கும். பிளேட்டைக் கழற்றும்போது அது கீழே உருண்டுவிட்டால் யாரும் தேடுவதில்லை. அது இல்லாமல் மாட்டினால் பிளேட் அரை மயிரிழை மேலேறி மெஷினின் ரப்பர் உறையில் உரசும். புது பிளேட் வாங்குவதற்கு முன்னால் தரையைப் பெருக்கிப் பாருங்கள்.

இனி, எனக்குக் கோபம் வருகிற ஒன்று. தேய்ந்த வெல்க்ரோவை உரித்துவிட்டு, ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் வெல்க்ரோவை வட்டமாக வெட்டிப் பசை போட்டு ஒட்டுவது. சிக்கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பசை சூட்டுக்கு இளகும். எந்தச் சூட்டில் கொக்கி போனதோ அதே சூட்டில் ஒட்டும் போகும். போகும்போது வெல்க்ரோவும் பேட்டும் சேர்ந்து பறக்கும். டூயல் ஆக்‌ஷனில் இன்னொரு கேடும் இருக்கிறது. உள்ளே இருக்கும் எதிர் எடை, பிளேட்டும் பேட்டும் இவ்வளவு கனம் இருக்கும் என்று கணக்குப் பண்ணி வைக்கப்பட்டது. பசை ஒரு பக்கம் கனத்தால் மெஷின் உதறும், கை மரத்துப்போகும், பேரிங் தேயும். சில நூறு ரூபாய் பிளேட்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய் மெஷினைப் பலி கொடுப்பானேன்?

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான்: வெட்டுகிற 4 இஞ்ச் கிரைண்டரில் பாலிஷ் பிளேட்டை மாட்டுவது. மரை பொருந்தும்படி எம் 10 (10 மில்லிமீட்டர் மரை) பிளேட்டே கடையில் கிடைக்கிறது என்பதால் செய்துவிடுகிறார்கள். பாலிஷுக்கான ரோட்டரி நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை ஓடும். வேகம் குறைக்கிற வசதியில்லாத கிரைண்டரோ பத்தாயிரத்தைத் தாண்டும். கொக்கி மட்டுமா, பெயிண்டே கருகும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பேட்டைக் கழற்றும்போது ஃபோமைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், முதுகுத் துணியின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரியுங்கள், அதுவும் ஆறிய பிறகு. அலசிய பேட்டை ஈரத்தோடு ஒட்டாதீர்கள். கொக்கிகளுக்குள் வூல் பேட்டின் நார் அடைத்துக்கொண்டால் பழைய பல் துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பெயிண்டர் பக்கத்திலேயே இருக்கிறாரே என்று பிளேட்டைத் தின்னரில் முக்கினால் ஃபோம் ஒட்டு விட்டுவிடும். வேலை முடிந்ததும் பேட்டோடு மெஷினைக் குப்புற உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பிளேட்டை மாற்றும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். புது பேட் ஒன்றை அதில் ஒட்டி, பிளேட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேட்டைத் திருகிப் பாருங்கள். புது பேட் அசையாமல் நின்று பழைய பேட் மட்டும் நழுவினால், நூல் வளையம் கிழிந்தது பேட்டில், பிளேட் பாவம். புதுசும் நழுவினால் பிளேட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றுவதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பாடு. தேவனாம்பட்டினம் உப்புக் காற்று பட்டறை வரைக்கும் வருகிறது. பாண்டி பக்கத்திலும் இதே கதைதான். ரோட்டரி பிளேட் ஓட ஓட இன்னும் இறுகிக்கொள்ளும், அந்த எம் 14 மரையில் துருவும் பிடித்தால் சிமென்ட் போட்ட மாதிரி. மாட்டும்போதே மரையில் துளி கிரீஸ் தடவியிருந்தால் கையாலேயே வந்துவிடும். தடவாமல் விட்டிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் ஸ்பானர் போடுங்கள். சுத்தியலை எடுக்க வேண்டாம். நான் எடுத்தேன். நாலே தட்டில், ஸ்பிண்டிலைச் சுற்றவிடாமல் பிடிக்கும் லாக் உடைந்து, பிளேட் அப்படியே இருக்க, பிளேட்டோடு மெஷினையும் மடியில் வைத்துக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன்.